பட்டை வாங்கப் போன பிசாரோ

பிரியாணிக்குப் பட்டை தீர்ந்துபோனால் நாம் தெருமுனை மளிகைக் கடைக்கு ஆள் அனுப்புவோம். கொன்சாலோ பிசாரோ ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டினார். 1541 பிப்ரவரி கடைசியில் கீட்டோ நகரிலிருந்து கிளம்பிய அவருடைய பரிவாரத்தில் சுமார் 220 ஸ்பானியர்கள், மூட்டை தூக்க நாலாயிரம் பழங்குடி மக்கள், ஏறிப்போகக் குதிரைகள், பொதி சுமக்க லாமாக்கள், வழியில் அடித்துச் சாப்பிட ஆயிரக்கணக்கில் பன்றிகள், சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள்மேல் ஏவிவிட நாய்கள். இவ்வளவையும் யோசித்து யோசித்துச் சேர்த்தவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். போகிற இடத்தில் பட்டை எவ்வளவு இருக்கிறது என்று ஒழுங்காக விசாரிக்கவில்லை.

பன்றிகள் எத்தனை என்பதில் அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. இரண்டாயிரம் என்பார்கள். லாமாவையும் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் என்பவரும் உண்டு. ஸ்பானியர்களின் தலைக்கணக்கிலேயே ஆளுக்கு ஆள் நூற்றுக்கு மேல் இடிக்கிறது. பயணம் முடிந்தபோது எத்தனை பன்றி மிஞ்சியது என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒரே கட்சி.

குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அண்ணன் பிரான்சிஸ்கோ பிசாரோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எதுவும் குறைந்துபோய்விடவில்லை. 1532-ல் 168 ஆட்களை வைத்துக்கொண்டு இன்கா பேரரசர் அதவால்பாவைப் பிடித்தார், விடுவிப்பதாகச் சொல்லி ஓர் அறை நிறையத் தங்கம் வாங்கிக்கொண்டார், பிறகு ஆளையும் கொன்றார். அந்த வியாபாரத்தில் கிடைத்த நிலப்பரப்பைத் தம்பிகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோது கொன்சாலோவின் பங்குக்கு வந்தது கீட்டோ. 1540 டிசம்பரில் பதவியேற்றார். முப்பதை ஒட்டிய வயசு, நல்ல குதிரை வீரர், பார்க்க லட்சணமானவர். மூன்று மாசத்துக்குள் கவர்னர் வேலை அலுத்துவிட்டது.

அலுத்துப்போனவர் காதில் இரண்டு வதந்திகள் விழுந்தன. மலைக்கு அந்தப் பக்கம் காடு பூராவும் பட்டை மரம் என்பது முதலாவது. இரண்டாவது எல் டொராடோ, அதாவது பொன் பூசிய ராஜா. தினமும் உடம்பெல்லாம் பொன்தூளைத் தடவிக்கொண்டு பவனி வந்து, ராத்திரி குளித்துக் கழுவிவிடுவாராம். இதை 1541-லேயே எழுதிவைத்த ஒவியெதோ என்ற வரலாற்றாசிரியர், அந்த ராஜாவின் அறையைப் பெருக்கிய குப்பை கிடைத்தாலே தமக்குப் போதும் என்கிற அர்த்தத்தில் ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார். துடைப்பத்தோடு வரிசையில் நின்ற முதல் வரலாற்றாசிரியர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

தங்கத்துக்கு அலைந்தார்கள் என்றால் புரிகிறது, பட்டைக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். அன்றைய ஐரோப்பாவில் பட்டை என்பது பணக்காரச் சரக்கு. அசல் பட்டை விளைந்தது இலங்கையில். இலங்கைத் தமிழர் கறுவா என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசியர் அங்கே போய் இறங்கி, கோட்டை அரசரிடம் பட்டையைத் திறையாகக் கறக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1494-ல் தோர்தெசியாஸ் ஒப்பந்தத்தில் உலகத்தைக் கோடு கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டபோது ஸ்பெயினுக்கு அமெரிக்கா பக்கம் விழுந்தது, ஏலக்காய் மிளகு பட்டையெல்லாம் எதிராளி பக்கம் போய்விட்டது. கொலம்பஸ் 1492-லேயே பையில் பட்டைத் துண்டை வைத்துக்கொண்டு கண்ணில் பட்ட தீவுக்காரர்களிடமெல்லாம் காட்டி, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பார்த்தவர். அரை நூற்றாண்டாக அடுத்தவன் சமையல் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கீட்டோவே கடல் மட்டத்துக்கு மேல் 2,850 மீட்டரில் இருக்கிற ஊர். அங்கிருந்து கிழக்கே காட்டுக்குள் இறங்குவதற்கு முன்னால் நாலாயிரம் மீட்டர் வரை ஏறியாக வேண்டும். மேலே மரம் கிடையாது, புல்லும் பனியும் காற்றும்தான். ஸ்பானியர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டார்கள். மூட்டை தூக்கியவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குளிரில் விறைத்து அங்கேயே செத்தார்கள். ஊரைவிட்டுக் கிளம்பிப் பட்டையின் வாசனைகூட வராத தூரத்தில் இந்தக் கணக்கு. இதை எழுதிவைத்தவர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் பன்றிகளைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

இன்றைக்கு அதே கணவாயைத் தாண்டினால் பாப்பயாக்தா என்ற ஊர். வெந்நீர் ஊற்றுகளில் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்திருப்பதற்காகவே கீட்டோக்காரர்கள் சனி ஞாயிறில் கார் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கொன்சாலோ கோஷ்டிக்குக் கிடைத்த நீராட்டு வேறு வகை. சரிவில் இறங்கியதும் நிலநடுக்கம், அதை அடுத்து இடி, அதை அடுத்து வாரக்கணக்கில் விடாத மழை. உடம்பில் போட்ட துணி உடம்பிலேயே மக்கியது. பன்றிகள் காட்டுக்குள் ஓடின, ஓடாதவை குழம்பாயின. சுமாக்கோ எரிமலையின் அடிவாரத்தில் ஒருவழியாக முகாம் போட்டார்கள்.

அந்த முகாமுக்கு ஒருநாள் விருந்தாளி வந்தார். பிரான்சிஸ்கோ தெ ஒரெயானா. பிசாரோக்களுக்குச் சொந்தக்காரர், அதே ஊர்ப்பக்கம், பழைய சண்டை ஒன்றில் ஒரு கண்ணைப் பறிகொடுத்தவர். குவாயாகில் ஊரில் கௌரவமாக அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தவர், நாற்பதாயிரம் பெசோவுக்கு மேல் கைக்காசைப் போட்டுக் குதிரையும் தளவாடமும் வாங்கிக்கொண்டு கீட்டோ வந்து சேர்ந்தால், கொன்சாலோ ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார். கொஞ்சம் ஆட்களோடு போகாதீர்கள் என்று ஊரே தடுத்தது. இருபத்து மூன்று பேரோடு போனார். முகாமை வந்து தொட்டபோது அவர் கையில் மிஞ்சியிருந்தவை ஒரு வாளும் ஒரு கேடயமும். ஒரு வாளுக்கும் ஒரு கேடயத்துக்கும் நாற்பதாயிரம் பெசோ அதிக விலைதான். கொன்சாலோ கட்டித் தழுவித் துணைத் தளபதி ஆக்கினார். சாப்பாட்டுக்கு வழி இல்லாத படையில் பதவிக்குப் பஞ்சமே வராது.

பிறகு கொன்சாலோ எண்பது பேரைக் கூட்டிக்கொண்டு பட்டையைத் தேடி நடந்தே போனார். எழுபது நாளுக்கு மேல் சுற்றினார். ஆச்சரியம் என்னவென்றால், மரம் கிடைத்தது! வதந்தி பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. தாவரவியல்காரர்கள் ஒகோத்தியா கிஹோஸ் என்று பெயர் வைத்திருக்கும் அந்த மரத்தில், பூ உதிர்ந்தபின் நிற்கும் குல்லாய் போன்ற புல்லிவட்டத்தில்தான் வாசனை. கடித்துப் பார்த்தால் பட்டையின் காரமும் இனிப்பும் நாக்கில் வரும். மரத்தின் பட்டையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை என்று கொன்சாலோவே பிற்பாடு அரசருக்கு எழுதினார். அதுகூடப் பரவாயில்லை. இங்கே ஒன்று, அரை நாள் நடந்தால் அங்கே ஒன்று என்று மரங்கள் தள்ளித் தள்ளி நின்றன. தோப்பும் இல்லை, ரோடும் இல்லை. இலங்கையில் கிளையை வெட்டிப் பட்டை உரிப்பதையே குலத்தொழிலாகச் செய்துவந்த சலாகம சாதியார் இருந்தார்கள். இங்கே மேல்தோலைச் சுரண்டத் தெரிந்த ஆள்கூட இல்லை, மனிதத் தோலை உரிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் நிறைய இருந்தார்கள்.

அந்த வேலை உடனே ஆரம்பமானது. பட்டைத் தோப்பு எங்கே என்று கொன்சாலோ உள்ளூர்க்காரர்களைப் பிடித்துக் கேட்டார். இவ்வளவுதான் ஐயா இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். உண்மை பிடிக்காத கொன்சாலோ சிலரைச் சித்திரவதை செய்து எரித்தார், சிலரை நாய்களுக்குப் போட்டார். கிண்டல் பண்ணி எழுத உட்கார்ந்த எனக்கு இந்த இடத்தில் கிண்டல் வரவில்லை. எழுதிவைத்த சியெசா தெ லியோன் என்ற ஸ்பானியருக்கே இது பொறுக்கவில்லை என்பது அவர் பக்கங்களில் தெரிகிறது.

செய்தி காட்டுக்குள் பரவியது. அடுத்து அகப்பட்ட தலைவர் டெலிகோலா விவரமானவர். கேள்வியை முழுசாகக் கேட்பதற்குள் பதில் சொன்னார்: இருக்கிறது, நிறைய இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பெரிய பெரிய ஊர்கள், பெரிய பெரிய பிரபுக்கள், வேண்டிய மட்டும் சோறு. கொன்சாலோ முகம் மலர்ந்துபோய் அவரை மரியாதையாக வழிகாட்டியாக்கிக்கொண்டார். இந்த மொத்தப் பயணத்திலும் வந்த இடத்து நிலவரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் டெலிகோலா ஒருவர்தான் என்பது என் கட்சி. உண்மைக்குத் தண்டனை, பொய்க்குப் பதவி என்றால் எந்தப் புத்திசாலி உண்மை பேசுவான்? பிற்பாடு மரியாதை போய்ச் சங்கிலி வந்தது. அவர் சங்கிலியோடு ஆற்றில் குதித்து அக்கரை ஏறிப் போய்விட்டார். அதற்குள் படையை எவ்வளவு தூரம் தள்ளிவிட முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவிட்டிருந்தார்.

வழியில் ஒரு பேரருவி. ஆறு காத தூரத்துக்கு அப்பாலேயே இரைச்சல் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். கொக்கா ஆற்றின் சான் ரபாயல் அருவிதான் அது என்பது பொதுவான கருத்து. பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். 2020 பிப்ரவரியில் அருவிக்கு மேலே ஆற்றுப்படுகை உள்வாங்கி, தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டு, 150 மீட்டர் அருவி ஒரே நாளில் காணாமல் போய்விட்டது. கொன்சாலோவின் காலடி பட்ட இடத்தில் எதுவும் உருப்படவில்லை.

ஆண்டு முடியும் சமயம். பன்றி இல்லை, லாமா இல்லை, மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் இல்லை. நோயாளிகளையும் மிச்ச மூட்டைகளையும் ஏற்றிக்கொள்ள ஒரு படகு கட்டலாம் என்று கொன்சாலோ முடிவெடுத்தார். ஒரெயானா வேண்டாம் என்றார். திரும்பிப் போய்ப் புல்வெளிப் பக்கமாக வடக்கே நடையைக் கட்டலாம் என்பது அவருடைய யோசனை. கொன்சாலோ கேட்கவில்லை. சரி, தலைவர் சொல்லிவிட்டார் என்று ஒரெயானாவே முகாம் முழுக்கக் குடிசை குடிசையாகப் போய்ப் பழைய இரும்பு பொறுக்கினார். செத்த குதிரைகளின் லாடம் ஆணியாயிற்று. காட்டு மரத்துப் பிசின் தார் ஆயிற்று. பலகை இடுக்கை அடைக்கக் கிழிந்த சட்டையும் போர்வையும் போயின. படகு மிதந்தது. கொன்சாலோவே மரம் வெட்டினார், கரி சுட்டார் என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்கு அவரைப் பாராட்டலாம்.

படகு வேண்டாம் என்று சொன்னவர் அந்தப் படகில்தான் போனார். 1541 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கீழே போய்ச் சாப்பாடு தேடி, பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்புவது என்று பேச்சு. 57 பேர் ஏறிக்கொண்டார்கள். முகாமில் நூற்றுக்கணக்கானவர்கள் கரையில் நின்று வழியனுப்பினார்கள். உலக வரலாற்றிலேயே பெரிய சாப்பாட்டு ஆர்டர் அது. இன்னும் டெலிவரி ஆகவில்லை.

படகில் போனவர்கள் விருந்து சாப்பிட்டார்கள் என்று எண்ணவேண்டாம். வெள்ளம் அடித்துக்கொண்டு போன வேகத்தில் நாள் கணக்காக ஒரு குடிசைகூடக் கண்ணில் படவில்லை. கூடவே போன காஸ்பர் தெ கார்வஹால் என்ற தோமினிக்கன் சபைத் துறவி உண்ட உணவை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்: இடுப்பு வார், தோல், செருப்பின் அடித்தோல். பச்சிலை சேர்த்து வேகவைத்தார்களாம். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் தவழ்ந்துபோய்க் கிழங்கு தோண்டியவர்களில் சிலர் விஷக்கிழங்கைத் தின்றுவிட்டுப் புத்தி பேதலித்துப் போனார்கள். கடைசியில் தூரத்தில் முரசுச் சத்தம் கேட்டது. ஓர் ஊர் வந்தது. அந்த ஊர் மக்கள் பறவை இறைச்சியும் மீனும் கொடுத்தார்கள். ஒரு பழங்குடி ஊர் ஸ்பானியர்களுக்குச் சோறு போட்டது, ஸ்பானியர்கள் சோற்றைச் சாப்பிட்டார்கள், ஒருத்தரையும் எரிக்கவில்லை. ஒரெயானாவுக்கு உள்ளூர் பாஷைகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் திறமை இருந்தது. பேசத் தெரிந்தால் நாய் தேவைப்படுவதில்லை.

சாப்பாடு கிடைத்தாயிற்று, திரும்பவேண்டியதுதானே? இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த கட்டம். 1542 ஜனவரி 4-ம் தேதி, அமேசான் காட்டின் நடுவில், செருப்பைத் தின்று பிழைத்த அந்தக் கும்பல் நோட்டரியைக் கூப்பிட்டது. ஆம், கூடவே ஒரு நோட்டரி இருந்தார், பெயர் பிரான்சிஸ்கோ தெ இசாசகா. அவரிடம் காகிதமும் மசியும் இருந்தன. சோறு தீர்ந்தாலும் காகிதம் தீராத நாகரிகம். வெள்ளத்தை எதிர்த்துத் திரும்பிப் போவது உயிரை விடுவதற்குச் சமம், ஆகவே மாண்புமிகு தளபதியார் எங்களைத் திரும்ப அழைத்துப் போகக்கூடாது என்று முறைப்படி மனு. ஏறத்தாழ எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். துறவியும் போட்டார். ஒரெயானா மனம் நொந்து, வேறு வழியில்லாமல், ஜனநாயக முறைப்படி சம்மதித்தார். கொன்சாலோவுக்குத் தகவல் சொல்ல ஆறு பேர் தோணியில் போனால் ஆயிரம் பொற்காசு என்று அறிவிப்பும் செய்தார். முன்வந்தவர்கள் மூன்று பேர். ஆள் சேரவில்லை என்று கோப்பு மூடப்பட்டது.

எனக்குத் தெரிந்து, ஓடிப்போவதற்கு முன்னால் சாட்சிக் கையெழுத்து வாங்கிவைத்த முதல் ஆசாமி ஒரெயானாதான். மார்ச் மாதம் இன்னொரு பத்திரம் எழுதி, தம்மையே தலைவராக முறைப்படி தேர்ந்தெடுக்கவும் வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் இரண்டாவது படகுக்கு ஏற்பாடு. கொல்லு வேலை தெரியாத இருவர் இருபது நாளில் இரண்டாயிரம் ஆணி அடித்தார்கள். உலைக்குத் துருத்தி? தோல் பூட்ஸ். தின்றது போக அதுவும் மிஞ்சியிருக்கிறது பாருங்கள். ஜூன் 24 அன்று ஓரிடத்தில் பெண்கள் முன்னின்று அம்பு எய்ததாகக் கார்வஹால் எழுதினார். ஆண்கள் ஓடினால் தடியால் அடித்தார்களாம். கிரேக்கக் கதையின் வீரப் பெண்கள் பெயர் ஆற்றுக்கு ஒட்டிக்கொண்டது. அம்பு பட்டுத் துறவிக்கும் ஒரு கண் போயிற்று. ஒற்றைக் கண்ணோடு தளபதி, ஒற்றைக் கண்ணோடு சாமியார், இரண்டு பேரும் சேர்ந்து பார்த்ததைத்தான் உலகம் அமேசான் என்று நம்புகிறது. 1542 ஆகஸ்ட் 26-ல் அட்லாண்டிக் கடலைத் தொட்டார்கள். கண்டத்தின் குறுக்கே ஐரோப்பியர் செய்த முதல் ஆற்றுப் பயணம். நோக்கம் மட்டும் கொஞ்சம் அரிசி பருப்பு வாங்கி வருவது.

கரையில் நின்றவர்களுக்கு வருவோம். படகு வரவில்லை. கொன்சாலோ ஆள் அனுப்பித் தேடினார். கைவிடப்பட்ட ஒரு மரவள்ளிக் கொல்லை அகப்பட்டது, அதில் உயிர் தரித்தார்கள். பிறகு திரும்ப நடந்தார்கள். நூறு குதிரைக்கு மேல் தின்றதாகவும் நாய்களையும் தின்றதாகவும் கொன்சாலோவே அரசருக்கு எழுதியிருக்கிறார். நாய்களைத் தின்றதைப் படிக்கும்போது, நியாயமாக வரவேண்டிய இரக்கம் எனக்கு வரமாட்டேன் என்கிறது. 1542 ஜூனில் கீட்டோ எல்லைக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் எண்பது ஸ்பானியர்கள். மேலே மிருகத் தோல், கையில் துருப்பிடித்த, உறையில்லாத வாள். மூட்டை தூக்கப் போன நாலாயிரம் பேரின் கணக்கை ஒழுங்காக எழுதிவைக்கும் சிரமத்தை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர்க்காரர்கள் பதறிப்போய் எதிரே குதிரையும் துணியும் அனுப்பினார்கள். எல்லோருக்கும் போதவில்லை. அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று கொன்சாலோ நடந்தே ஊருக்குள் போனார். ஊருக்குள் போனதும் இரண்டாவது இடி: அண்ணன் பிரான்சிஸ்கோவைப் போன வருஷம் ஜூன் 26-ல் லிமாவில் அவருடைய வீட்டுக்குள்ளேயே எதிரிகள் குத்திக் கொன்றுவிட்டார்கள். தம்பி பட்டை மரத்தை முகர்ந்துகொண்டிருந்த சமயத்தில் குடும்பச் சொத்தே கைமாறிவிட்டது.

செப்டம்பர் 3-ல் அரசருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். பட்டை விஷயம் கொஞ்சம், ஒரெயானா படகையும் ஆயுதங்களையும் இரும்புச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு ஓடிய துரோகம் நிறைய. ஒரெயானாவோ ஸ்பெயினுக்கே நேரில் போய் நோட்டரி பத்திரத்தை நீட்டினார். பத்திரம் ஜெயித்தது. புதுக் காட்டுக்குக் கவர்னர் பதவி வாங்கிக்கொண்டு திரும்ப வந்தவர், 1546-ல் அதே அமேசான் முகத்துவாரத்தில், தாம் போன வழியையே கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி இறந்துபோனார். கொன்சாலோ அரசருக்கு எதிராகவே கலகம் செய்து, பெருவைச் சில வருஷம் ஆண்டு, 1548-ல் தலை வெட்டப்பட்டார். அவரை வீழ்த்த ஸ்பெயின் அனுப்பியவர் பெத்ரோ தெ லா காஸ்கா என்ற பாதிரியார். அவருடைய முக்கிய ஆயுதம் மன்னிப்புப் பத்திரங்கள். மறுபடியும் காகிதம்!

அந்த மரத்தின் பூக்குல்லாய் இன்றைக்கும் ஈக்வடார் சந்தைகளில் கிடைக்கிறது. இஷ்பிங்கோ என்பார்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் வீட்டுக்கு வீடு காய்ச்சும் கொலாதா மொராதா என்ற ஊதாநிறப் பானத்தில் அதைப் போடுவார்கள். இறந்தவர்களை நினைத்துக் குடிப்பது.

கொன்சாலோ போன வழியை ஒட்டி இப்போது தார் ரோடு. கீட்டோவில் பஸ் ஏறினால் ஒரு பகலுக்குள் காட்டுக்குள் கொக்கா என்ற ஊர் வந்துவிடும். அங்கிருந்து படகில் போனால் கொசுவலை போட்ட சுற்றுலா முகாம்கள், மூன்று வேளைச் சாப்பாட்டோடு. கொக்காவின் அரசாங்கப் பெயர் புவெர்ட்டோ பிரான்சிஸ்கோ தெ ஒரெயானா. மாகாணமே ஒரெயானா மாகாணம். சாப்பாடு வாங்கப் போனவர் பெயரில் இன்றைக்கு அவ்வளவு ஓட்டல்.

கொன்சாலோவையும் விட்டுவிடவில்லை. கொஞ்சம் வடக்கே, மலை இறங்கும் சரிவில், சுகும்பியோஸ் மாகாணத்தில் ஒரு வட்டத்துக்குக் கொன்சாலோ பிசாரோ என்று பெயர். 1960-களில் கண்டுபிடித்த எண்ணெயை மலைக்கு மேலே ஏற்றிக்கொண்டு போகும் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது. அதற்கு அடுத்த வட்டம் கஸ்காலேஸ். அதன் தலைநகரத்தின் முழுப்பெயர் எல் டொராடோ தெ கஸ்காலேஸ். நூற்றுக்கணக்கான ஆட்களையும் ஆயிரக்கணக்கான பன்றிகளையும் தொலைத்துத் தேடிய இடம், இப்போது அவருக்கு அடுத்த பஸ் நிறுத்தம்.